மருமகனின் சந்தாக் கணக்கு

மதுரை,
18.1.2026

அன்பு மாப்ளே,

பொங்கல் வாழ்த்தோடு நீ போட்ட கடிதம் கிடைத்தது. மணிமுத்தாறு சிறப்புக் காவல் படை ஒன்பதாம் அணியில் ஒரே பாரக்கில் கிடந்த காலத்திலிருந்து கடிதம் எழுதுகிறவன் நீ, பதிலை இழுத்தடிக்கிறவன் நான். இந்தத் தடவை உடனே உட்கார்ந்துவிட்டேன். நீ கேட்டிருப்பது பணக் கணக்கு, அதுவும் போலீஸில் இருக்கிற உன் மகன், என் மருமகன் கணக்கு.

தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததில் சந்தோஷம். ஒரு மாசம் அடுப்படிப் பக்கம் விடாதே. இங்கே உன் தங்கச்சிக்கு முழங்கால் படுத்துகிறது, மாடிக்குப் போவதில்லை. நேற்று அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டை டிவியில்தான் பார்த்தேன். மாட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு, வாடிவாசல் பக்கம் வெயிலில் நிற்கிற பந்தோபஸ்துப் பிள்ளைகளையே கண் தேடிக்கொண்டிருந்தது. சாப்பாட்டுப் பொட்டலம் எத்தனை மணிக்கு வந்ததோ.

விஷயத்துக்கு வருகிறேன். ‘நமக்கு ஜிபிஎஃப் பிடித்தார்கள், அவனுக்கு சிபிஎஸ் பிடிக்கிறார்கள், இப்போது டாப்ஸ் என்கிறார்கள். எல்லாம் பிடித்தம்தானே?’ என்று எழுதியிருக்கிறாய். ஜிபிஎஃப் என்பது வருங்கால வைப்பு நிதி, சிபிஎஸ் என்பது பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம், டாப்ஸ் இந்த மாசம் அறிவித்த புதுப் பென்ஷன் திட்டம். பிடிக்கிற இடம் ஒன்றுதான், போய்ச் சேர்கிற இடம் வேறே.

நம்மிடம் பிடித்தது நம் சேமிப்பு. வட்டியோடு நம்மிடமே திரும்பி வந்தது. நடுவில் அதில் லோன் போட்டுத்தானே மகள் கல்யாணத்தை முடித்தாய். பென்ஷனுக்கென்று நம் சம்பளத்திலிருந்து ஒரு பைசா போகவில்லை. 1978-ஆம் வருஷ ஓய்வூதிய விதிகளின்படி, முப்பது வருஷம் முழுசாகப் பார்த்தவனுக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி. கடைசி பேசிக் 60,000 என்றால் பென்ஷன் 30,000, அதற்கு மேலே டிஏ, அதாவது அகவிலைப்படி. மூன்றில் ஒரு பங்கைக் கம்யூட் செய்து மொத்தமாக வாங்கிக்கொண்டாலும், டிஏ முழு 30,000-க்கும் உண்டு. நீயும் நானும் அப்படித்தான் வாங்கிக்கொண்டிருக்கிறோம். 58 வயசில் வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டியவர்கள், 2020-லும் 2021-லும் ஒவ்வொரு வருஷமாகக் கூட்டி 60 ஆக்கியதால் இரண்டு வருஷம் கூடுதலாக விசிலும் ஊதினோம்.

மருமகனுக்கு ஜிபிஎஃப் கணக்கே கிடையாது. பேசிக்கையும் டிஏவையும் கூட்டி அதில் நூற்றுக்குப் பத்து பிடிப்பார்கள். பேசிக் 40,000 என்று வைத்துக்கொள். டிஏ 58 சதவீதம், 23,200. இரண்டும் சேர்ந்து 63,200. மாசாமாசம் 6,320 போகும். அரசும் அவன் பேரில் அதே 6,320-ஐ வரவு வைக்கும். மத்திய அரசு தன் ஊழியர்களுக்குத் தன் பங்கை 2019 ஏப்ரலில் 14 சதவீதமாக்கியது, நம் மாநிலம் பத்தோடு நின்றுவிட்டது. அங்கே அந்தப் பணம் என்பிஎஸ் என்கிற தேசிய ஓய்வூதியத் திட்டத்தின் ஃபண்டுகளுக்குப் போய்ப் பங்குச் சந்தையையும் தொட்டுவிட்டு வரும். தமிழ்நாடு அந்த ஏற்பாட்டில் சேரவே இல்லை. பணம் அரசின் கணக்கிலேயே இருக்கிறது, ஜிபிஎஃபுக்குத் தருகிற அதே 7.1 சதவீத வட்டியோடு. சந்தை விழுந்தது எழுந்தது என்ற பயமில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதுவரை சிபிஎஸ்ஸில் ஓய்வு பெற்றவனுக்கு என்ன நடந்தது? இரண்டு பங்கையும் வட்டியோடு கையில் கொடுத்து, சால்வை போட்டு அனுப்பினார்கள். மறுமாசம் முதல் ஒன்றும் வராது. பேரில் ஓய்வூதியம் இருந்தது, பையில் இல்லை.

இந்தக் கோடு போட்ட தேதி 1.4.2003. அதற்கு முந்தின நாள் சேர்ந்தவன் நம்மோடு, அன்றைக்குச் சேர்ந்தவன் அந்தப் பக்கம். அரசாணை வந்தது ஏப்ரலில் இல்லை மாப்ளே, ஆகஸ்டில். அரசாணை எண் 259, நாள் 6.8.2003. ஆகஸ்டில் எழுதி ஏப்ரலிலிருந்து அமல் என்றார்கள். அந்த வருஷம் ஜூலையை நீ மறந்திருக்க மாட்டாய். அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தம், எஸ்மா என்கிற அத்தியாவசியப் பணிச் சட்டம், ஒரே வீச்சில் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர் டிஸ்மிஸ். ராத்திரி இரண்டு மணிக்கு எங்கள் தெரு கிளார்க் வீட்டுக் கதவைத் தட்டியவர்களில் நானும் ஒருத்தன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டே, ‘ஏட்டையா, காபி குடிச்சிட்டுப் போவோமா?’ என்று கேட்டார். அந்த வழக்கில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய உரிமையே இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன தேதியும் 6.8.2003. பல வருஷம் ஸ்டேஷன் ரைட்டராக இருந்தவன் நான், இரண்டு காகிதத்தில் ஒரே தேதி இருந்தால் கண் தானாக நின்றுவிடும். தற்செயலாகவே இருக்கட்டும். கேட்க வாயில்லை என்று ஆன அதே நாளில் கேட்க வேண்டிய விஷயமும் வந்து சேர்ந்திருக்கிறது.

பென்ஷனர் சங்கத்தில் டிசம்பர் 17, ஓய்வூதியர் தினத்தன்று மைக் பிடித்தவரெல்லாம் நகரா என்பவர் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைச் சொல்வார்கள், 1982-இல் வந்தது. ஓய்வூதியம் பிச்சை இல்லை, உழைத்ததற்கான உரிமை என்பது வரை கைதட்டு விழும். அந்த வழக்கே ஒரு தேதியைப் பற்றியதுதான் என்பதை யாரும் சொல்வதில்லை. 31.3.1979-க்கு முன்னால் ஓய்வு பெற்றவன், பின்னால் ஓய்வு பெற்றவன் என்று பிரிக்கக் கூடாது என்றார்கள். 2003-இல் ஓய்வு பெற்ற தேதியை விட்டுவிட்டுச் சேர்ந்த தேதியில் பிரித்தார்கள், கைதட்டியவர்களெல்லாம் ஏற்கெனவே இந்தப் பக்கம் இருந்தோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பாதிப் பென்ஷன், முழுப் பென்ஷன் கணக்கெல்லாம் ஒரு பக்கம். எனக்கு இந்த விஷயம் புத்தியில் ஏறியது 2013-இல், ஒரு சாவு வீட்டில். எங்கள் ஸ்டேஷனில் 2006-இல் சேர்ந்த பையன் ஒருத்தன், நைட் ரவுண்ட்ஸ் முடித்து விடியக்காலம் வீட்டுக்கு வரும்போது பைக்கில் போய்விட்டான். பொண்டாட்டிக்கு இருபத்தாறு வயசு, இடுப்பில் ஒரு பிள்ளை. அதே வருஷம் ஆடியில் எங்கள் பழைய ஏட்டு ஒருத்தர் நெஞ்சு வலியில் போனார். ஏட்டம்மாவுக்குப் பேப்பர் எழுதிக் கொடுத்தவன் நான். குடும்ப ஓய்வூதியம் சில மாசத்தில் வங்கிக்கு வர ஆரம்பித்தது, இன்றும் வருகிறது. அந்தப் பெண்ணுக்கு எழுத எனக்கு ஒரு ஃபாரமும் கிடைக்கவில்லை. குடும்ப ஓய்வூதியம் அந்தத் திட்டத்திலேயே கிடையாது. பிடித்த பணத்தைத் திருப்பித் தருவதற்குக்கூட 2016-இல் தனியாக ஆணை போட்ட பிறகுதான் வழி பிறந்தது. கருணை அடிப்படையில் வேலை வரும் வரை அவள் தையல் மிஷினில்தான் ஓட்டினாள். இரண்டு பேரும் ஒரே லத்தி, ஒரே பாரா. சேர்ந்த தேதி மட்டும் வேறே.

அந்தப் பையன் இறந்த பதினாறாம் நாள் அவனோடு பயிற்சி எடுத்தவர்கள் வந்து ஒரு கவரைக் கொடுத்தார்கள். ஆளுக்கு ஐந்நூறு போட்டது. இப்போது அது வாட்ஸப் குழுவாகி, பேட்ச் பேட்சாக நடக்கிறது என்று மருமகனே உனக்குச் சொல்லியிருப்பான். எந்த மாவட்டத்தில் ஒருத்தன் இறந்தாலும், அவன் முகத்தைக்கூடப் பார்க்காதவன் ஐந்நூறு அனுப்புகிறான், லட்சக்கணக்கில் சேர்கிறது. எந்த விதியும் இல்லை, அரசாணை எண்ணும் இல்லை. பத்து சதவீதம் பிடித்தும் கிடைக்காத குடும்ப ஓய்வூதியத்துக்குப் பிள்ளைகள் தாங்களாகவே கட்டுகிற சந்தா அது. இதைப் பெருமையாகச் சொல்வதா, வெட்கப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

வெளியே போய்க் கேட்கவும் அவர்களுக்கு வழியில்லை. காவல் படைகளின் உரிமைகளைக் கட்டுப்படுத்துகிற சட்டம் 1966-இல் வந்தது, நாம் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னாலேயே. சங்கம் வைக்கக் கூடாது, கொடி பிடிக்கக் கூடாது. 2019 ஜனவரியில் அரசு ஊழியர், ஆசிரியர் கூட்டமைப்பான ஜாக்டோ ஜியோக்காரர்கள் பழைய பென்ஷன் கேட்டு மறியலில் உட்கார்ந்தபோது எனக்குப் பந்தோபஸ்து. கைது செய்து ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தோம். என்னோடு நின்ற எட்டுக் காவலர்களும் சிபிஎஸ் பிள்ளைகள். ஒரு டீச்சரம்மா எலுமிச்சை சாதப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டே, ‘தம்பி, உங்களுக்கும் சேர்த்துத்தான் உள்ளே உட்கார்ந்திருக்கோம்’ என்றார். பொட்டலம் கொடுத்த காவலர் பையன் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ‘தண்ணி வேணுமா டீச்சர்?’ என்று கேட்டான். வேறென்ன சொல்வான்?

இப்போது இந்த மாசம் 3-ஆம் தேதி முதலமைச்சர் அறிவித்தது. தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம், சுருக்கமாக டாப்ஸ். கடைசி பேசிக்கில் பாதி பென்ஷன், வருஷத்துக்கு இரண்டு தடவை டிஏ உயர்வு, இறந்தால் குடும்பத்துக்கு அந்தப் பென்ஷனில் 60 சதவீதம், பணிக்கொடை 25 லட்சம் வரை. ஊழியர் பத்து சதவீதம் கட்ட வேண்டும், பென்ஷனுக்கு மேற்கொண்டு எவ்வளவு தேவையோ அதை அரசு போடும். 2021 தேர்தலில் சொன்னது பழைய பென்ஷனே திரும்ப வரும் என்று. இது முழுசாக அது இல்லை, பத்து சதவீதம் தொடர்கிறதே. ‘நாமும் கட்டாமல் வாங்கினோம், அவன் மட்டும் ஏன் கட்ட வேண்டும்’ என்று நீ கொதிப்பாய். எனக்கும் கொதிப்பு உண்டு. ஆனால் அந்தத் தையல் மிஷினைப் பார்த்தவனுக்கு, அந்த 60 சதவீத வரியைப் படித்ததும் மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றிவிட்டது. மத்திய அரசின் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம், யூபிஎஸ், போன ஏப்ரலில் வந்ததே, அதில் கடைசிப் பன்னிரண்டு மாச சராசரியில் பாதி, அதுவும் இருபத்தைந்து வருஷம் பார்த்தால். அதோடு வைத்துப் பார்த்தால் நம்முடையது தேவலை.

சிஆர்பிஎஃபில் இருக்கிற உன் மாப்பிள்ளையைப் பற்றியும் கேட்டிருந்தாய். மத்தியப் படைகளும் நாட்டின் ஆயுதப் படைகள்தான், பழைய பென்ஷன் உண்டு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொன்னது, அதே வருஷம் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2003 டிசம்பர் 22-க்கு முன்னால் விளம்பரமான காலியிடத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் 2023 மார்ச்சில் விருப்பம் கேட்டார்கள். உன் மாப்பிள்ளை 2010-க்குப் பிறகு சேர்ந்தவர், அதில் வரமாட்டார்.

மருமகனுக்கு நான் சொல்வது ஒன்றுதான், இதைக் கத்தரித்து அவனிடம் கொடு. 2012-இல் ஆவடி பட்டாலியனில் சேர்ந்தான், அங்கிருந்து ஆயுதப்படை, பிறகு தாலுகா ஸ்டேஷன். சம்பளம் போட்ட ஆபீஸ் மூன்று. ஆபீஸ் மாறுகிற மாசத்தில்தான் வரவு விடுபடும். எனக்கு 1997-இல் ஜிபிஎஃபில் ஏழு மாசம் காணாமல் போனது ஞாபகம் இருக்கிறதா? சம்பளத்தில் பிடித்திருக்கிறார்கள், வருஷ ஸ்லிப்பில் வரவில்லை. கணக்கு வைக்கிற ஆபீஸில் போய்க் கேட்டால், ‘எங்களுக்கு வந்தா ஏத்துவோம்’ என்றார்கள். பில் நம்பரையும் வவுச்சர் தேதியையும் டைரியில் குறித்து வைத்திருந்ததால் இரண்டு வருஷம் நடந்து சேர்த்தேன். குறிக்காதவனுக்கு அந்தப் பணம் கோவிந்தாதான். 

இன்டெக்ஸ் நம்பரைப் போட்டு சிபிஎஸ் கணக்குத்தாளை வருஷவாரியாக எடுக்கச் சொல். பக்கத்தில் சம்பள ஸ்லிப்பை வைத்து மாசம் மாசமாக டிக் அடிக்க வேண்டும். அவன் பங்கு, அரசின் பங்கு இரண்டும். டிஏ அரியர் வந்த மாசங்களில் அரியருக்கும் பத்து சதவீதம் பிடித்திருப்பார்கள், அதுவும் ஏறியிருக்கிறதா பார்க்க வேண்டும். நாமினி பேர் இன்னும் உன் பேரிலேயே இருந்தால் முதலில் மருமகள் பேருக்கு மாற்றச் சொல். சேரும்போது கல்யாணமாகாத பிள்ளைகள் அப்பா பேரைக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். டாப்ஸ் வந்தாலும் வேறு எது வந்தாலும் இந்தத் தாள்களை வைத்துத்தான் பேச முடியும். அவனுக்கு ரோல்கால், பாரா, சம்மன் என்று நேரம் இருக்காது. உனக்கு இருக்கிறது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நீயே உட்கார்.

எதுவும் விடுபட்டிருந்தால் மாசத்தையும் வருஷத்தையும் குறித்து எனக்கு அனுப்பு, விண்ணப்பத்தை நான் எழுதித் தருகிறேன். ரைட்டர் கை இன்னும் நடுங்க ஆரம்பிக்கவில்லை. மாசியில் உங்கள் பக்கம் குலதெய்வம் கும்பிட வருகிறோம், ஒரு ராத்திரி உன் வீட்டில் தங்கல். உன் தங்கச்சிக்குப் படி ஏற முடியாது, கீழ் ரூமை ஒழித்து வை.

அன்புடன்,
உன் பாரக் மாப்ள