பேருந்து முனையக் கூரைகளில் மரத்துக்கும் இடம் தாருங்கள்

சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தாருக்கு,

வணக்கம். இனி எழுப்பப்படும் பேருந்து முனையக் கூரைகளையும் கூரையிட்ட நடைபாதைகளையும் எஃகு, கான்கிரீட் ஆகியவற்றோடு நிறுத்திவிடாமல், பலகைகளைப் பசையிட்டு அடுக்கி அழுத்திச் செய்யும் பொறியியல் மரத்தாலும் அமைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடல்.

சிமெண்ட்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது, எரிபொருளின் புகை ஒருபுறமிருக்க, அந்தக் கல்லிலிருந்தே கரியமில வாயு வெளியேறுகிறது. மரத்தின் உலர் எடையில் ஏறத்தாழப் பாதி, அது வளர்ந்த காலத்தில் காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட கரிமம். கட்டடம் நிற்கும்வரை அது அங்கேயே தங்கும். மரத்தை இங்கே கப்பலில் கொண்டுவரும் செலவையும் புகையையும் அந்தக் கணக்கில் கழித்தே பார்க்க வேண்டும்.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 'வேவ்' விளையாட்டரங்கு 2017ஆம் ஆண்டிலேயே 72 மீட்டர் அகலத்தை நடுவில் தூணின்றி மரத்தால் கூரையிட்டுக் காட்டியது. பேருந்துகள் திரும்பும் இடத்துக்குத் தேவைப்படுவதும் அத்தகைய வெளியே. அமெரிக்காவின் போர்ட்லண்ட் விமான நிலையத்தில் 2024இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 9 ஏக்கர் பரப்புள்ள மரக்கூரையை வேறிடத்தில் பகுதி பகுதியாகச் செய்து, பயணிகள் வந்துபோய்க்கொண்டிருந்த முனையத்தின் மேல் கொண்டுவந்து பொருத்தினார்கள். ஒருநாள்கூட மூட முடியாத நம் முனையங்களைப் புதுப்பிக்க இதைவிடப் பொருத்தமான முறையை நான் அறியேன்.

தீயைப் பற்றிய அச்சத்துக்குப் பொறியியலில் விடை உண்டு. கனத்த மர உத்திரம் நிமிடத்துக்குச் சுமார் 0.7 மில்லிமீட்டர் வீதமே கருகும். அந்தக் கரிப்படலம் உள்மரத்தைக் காப்பதால், கருகிப் போகும் அளவைக் கூட்டியே உத்திரத்தின் பருமனைக் கணக்கிடுகிறார்கள். ஆயினும் மின்சாரப் பேருந்துகளின் மின்கலத் தீக்குத் தனிச் சோதனை தேவை.

எனக்குள்ள பெரிய கவலை ஈரம். அதே பல்கலைக்கழகத்தில் 2023இல் திறக்கப்பட்ட 'காயா' கட்டடத்தின் மரப்பரப்புகள் சிலவற்றில் பூஞ்சணம் படிந்ததாகப் பின்னர் செய்திகள் வந்தன. நம் மழைக்கும் புழுக்கத்துக்கும் ஏற்ப, அகன்ற இறவாரம், தரையிலிருந்து உயர்த்திய எஃகு அடித்தாங்கி, மூடிய உத்திர முனைகள், கறையான் தடுப்பு ஆகியவற்றை முதல் வரைபடத்திலேயே கட்டாயமாக்குங்கள். பராமரிப்புச் செலவையும் ஒப்பந்தத்திலேயே சேருங்கள். ரயில் மேம்பாலங்களுக்கு நான் மரத்தைக் கேட்கவில்லை. அந்தச் சுமைக்குக் கான்கிரீட்டே தகும்.

அடுத்துப் புதுப்பிக்கவிருக்கும் ஒரு முனையத்துக்கு மரத்தில் ஒன்றும் எஃகில் ஒன்றுமாக இரு வடிவமைப்புகளைத் தயாரித்து, இரண்டின் கரிமக் கணக்கையும் 30 ஆண்டுப் பராமரிப்புச் செலவையும் முடிவெடுப்பதற்கு முன்பே பொதுமக்களின் பார்வைக்கு வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பொதுப் போக்குவரத்துப் பயணி ஒருவர்