கணப்பு அடுப்புக்கு அடியில் டைல்ஸ் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டுக்குள் விறகுக் கணப்பு அடுப்பு வைப்பது பற்றிய கட்டுரையை உங்கள் நாளிதழில் படித்தேன். மரத்தரையாக இருந்தால் அடுப்புக்குக் கீழே டைல்ஸ் பதித்துவிட்டால் போதும் என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். டைல்ஸ் பதிப்பதுதான் என் தொழில். அந்த வரியை நம்பி யாரும் வேலையில் இறங்கிவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

தரைக்கு ஆபத்து இரண்டு வழியில் வருகிறது. விறகு போடக் கதவைத் திறக்கும்போது தெறிக்கிற கங்கு ஒன்று. அடுப்பின் அடிப்பாகத்திலிருந்து மணிக்கணக்காக இறங்குகிற சூடு மற்றொன்று. டைல்ஸ், கல், இரும்புத் தகடு, கண்ணாடி எல்லாமே கங்கைத் தாங்கும். சூட்டையோ கீழே கடத்திவிடும். ஒரு வீட்டில், மேலே கீறல்கூட விழாத டைல்ஸைப் பெயர்த்தேன். அடியில் இருந்த பிளைவுட் அடுப்பின் நீள அகலத்துக்கு அச்சு எடுத்தது போலக் கருகிக் கிடந்தது. ஓரத்தில் பழுப்பு, உள்ளே போகப் போகக் கறுப்பு. நடுவில் விரலால் அழுத்தினேன், பொடிந்து கையோடு வந்தது. அந்த வீட்டார் அதன்மேல் நிம்மதியாகக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள்.

புதுப் பலகை பற்றிக்கொள்ள 250 டிகிரி செல்சியஸ் அளவுக்காவது சூடு வேண்டும். வருடக்கணக்கில் சூட்டில் வெந்து கருகிய பலகைக்கு அவ்வளவு தேவையில்லை. 'இத்தனை வருடமாக ஒன்றும் ஆகவில்லையே' என்று யாராவது சொன்னால் எனக்குப் பயம் கூடத்தான் செய்கிறது.

அடுப்போடு வரும் கையேட்டில் தரைப் பாதுகாப்புக்கென்று ஒரு பகுதி இருக்கும். கங்குத் தடுப்பு மட்டும் போதும் என்று சில அடுப்புகளுக்குப் போட்டிருப்பார்கள். சிலவற்றுக்கு வெப்பத்தடை வேண்டும் என்று 'ஆர் மதிப்பு' ஒன்றைக் கொடுத்திருப்பார்கள். ஒரு பொருள் சூட்டை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் எண் அது. கீழே போடும் ஒவ்வொரு அடுக்கின் மதிப்பையும் கூட்டி அந்த எண்ணை எட்ட வேண்டும். டைல்ஸால் அதில் கிடைப்பது அற்பம். அரை அங்குல சிமென்ட் போர்டும் அதிகம் தராது. அதே கனத்தில் கனிம இழைப் பலகை பல மடங்கு தடுக்கும். அது மெத்தென்று இருப்பதால் நேராக டைல்ஸ் ஒட்ட முடியாது, இடையில் சிமென்ட் போர்டு கட்டாயம். பழைய வினைல் விரிப்பின் மேலேயே எல்லாவற்றையும் பதித்துவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது, முதலில் அதை உரித்தெடுங்கள்.

இந்தத் தரைத் தடுப்பு அடுப்பைத் தாண்டி நீளும் அகலத்திலும் கஞ்சத்தனம் வேண்டாம். விறகு அடுப்புகளை நிறுவுவதற்கான கனடாவின் பி365 தரவிதி விறகு போடும் கதவுக்கு முன்னால் 450 மில்லிமீட்டரும், மற்ற பக்கங்களில் 200 மில்லிமீட்டரும் கேட்கிறது. கையேடு அதற்கு மேல் கேட்டால் கையேடு சொல்வதே சரி. செங்கல்லைப் பூச்சில்லாமல் அடுக்கி வைப்பது பார்க்க அழகுதான். ஆனால் அந்த இடுக்கில் ஒரு கங்கு இறங்கினால் யார் கண்ணிலும் படாது.

அடுத்த முறை இது பற்றி எழுதும்போது கங்கையும் சூட்டையும் தனித்தனியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். ஏற்கெனவே அடுப்பு வைத்திருப்பவர்கள், தரைக்கு அடியில் போக வழியிருந்தால், அடுப்பு சில மணி நேரம் நன்றாக எரிந்தபின் கீழிருந்து பலகையைத் தொட்டுப் பார்க்கட்டும். சுட்டாலோ நிறம் மாறியிருந்தாலோ, டைல்ஸைப் பெயர்த்துப் பார்க்கும் வரை அடுப்பை மூட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
டைல்ஸ் பதிக்கும் தொழிலாளி ஒருவர்