சங்குக்குள் இருந்தது வெள்ளவத்தைக் கடல்தான்

வெள்ளவத்தை, கொழும்பு

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பேரன் சங்கைப் போனுக்குக் கிட்டப் பிடித்து, "அம்மப்பா, கேக்குதா?" என்றான். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. கேட்குது என்று சொல்லிவிட்டேன். அந்த முகத்துக்கு வேறு என்ன சொல்வது? விடாமல் ஒரே மாதிரி வரும் இரைச்சலைத் தேவையில்லாத சத்தம் என்று நினைத்துப் போனே வெட்டிவிடுமாம். அது கிடக்கட்டும். பிறகு நீ அவனிடம், "அது கடல் இல்லையடா, காதுக்குள்ள ஓடுற ரத்தத்தின்ர சத்தம்" என்றாய் பார், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஆறாம் ஆண்டு படிக்கும்போதும் நீ இதே கதையோடுதான் வீட்டுக்கு வந்தாய். "அப்பா, சங்குக்குள்ள கடல் இருக்கு என்று நீங்கள் எனக்குப் பொய் சொல்லிப்போட்டியள்" என்று இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போது பென்சன்காரன்தானே, வாசித்தும் பார்த்தேன், செய்தும் பார்த்தேன்.

ரத்தம்தான் என்றால், ஓடிக் களைத்தபின் சத்தம் கூட வேண்டும். மூன்று மாடிப் படியை இரண்டு தரம் ஏறி இறங்கிவிட்டு, வீட்டில் கிடக்கும் மற்றச் சங்கைக் காதில் வைத்தேன். நெஞ்சு இடித்த இடிக்கு சங்கின் சத்தம் கொஞ்சமும் கூடவில்லை. அம்மாவிடம் நான் வாங்கிக் கட்டியது உனக்குத் தெரிந்ததே. அடுத்ததாக அவவின் சேலை அலுமாரிக்குள் தலையை விட்டுக் கேட்டேன். இரைச்சல் பாதியாகிவிட்டது. வெளிச் சத்தத்தைச் சேலைகள் விழுங்கிவிட்டன. சத்தமே புகாத அறைக்குள் போனால் சங்கு ஊமைதான். ஆனால் ரத்தம் அங்கேயும் ஓடும் அல்லவா?

சங்குக்குள் இருப்பது வெறும் காற்று. சுற்றியிருக்கும் சத்தங்களில் அந்தக் காற்றறைக்கு ஒத்துவருவதை மட்டும் அது பெருக்கித் தரும். பெரிய சங்குக்குத் தடித்த குரல், சின்னதுக்கு மெல்லிய குரல். காதை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாலே குரல் மாறும். சங்குதான் வேண்டும் என்றும் இல்லை, அப்பம்மாவின் பித்தளை மூக்குப்பேணியிலும் நல்ல கடல் கேட்கிறது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன்காரர் இப்படித்தான் உள்ளே வெறுமையான உருண்டைகள் செய்வித்து, ஒரு முனையைக் காதுக்குள் செருகி, கலந்து வரும் ஓசையிலிருந்து ஒவ்வொரு சுரமாகப் பிரித்துக் கேட்டிருக்கிறார். 1863இல் வந்த அவருடைய புத்தகத்தில் இதெல்லாம் இருக்கிறது.

சரி, இனி என் வழக்குக்கு வருகிறேன். அன்றைக்கு நீ கேட்ட சங்கு மன்னாரில் இருந்து வந்தது. மன்னார்க் கடல் எதுவும் அதற்குள் இருக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ அதைக் காதில் வைத்துக் கேட்டது எங்கே? இந்த வீட்டுப் பின் விறாந்தையில். ஒழுங்கை முடிந்தால் மரைன் டிரைவ், அதைத் தாண்டினால் தண்டவாளம், அதற்கு அப்பால் கல்லும் அலையும். இப்போதும் தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டது, அலை எழும்பி ரயிலுக்கே தண்ணீர் தெளிக்கிறது. சங்கு தன்னைச் சுற்றியிருக்கும் சத்தத்தைத்தான் வாங்கித் தரும் என்றால், நீ கேட்டதில் பாதியாவது உண்மையான கடல். மற்றப் பாதி, காலி நகருக்குப் போகும் காலி வீதியில் ஓடும் பஸ்ஸாக இருக்கலாம். ஆக, நான் சொன்னது முழுப் பொய் இல்லை.

சுவிஸில் உங்கள் பேர்ண் நகர வீட்டில் இரட்டைக் கண்ணாடி ஜன்னல். எல்லாம் பூட்டியிருந்தால் அவனுக்குக் கிடைப்பது குளிர்சாதனப்பெட்டியின் முனகல் மட்டும்தான். ஒருநாள் ஜன்னலைத் திறந்துவிட்டு, கீழே டிராம் போகும் நேரமாகப் பார்த்துக் கேட்கச் சொல். பிறகு ஜன்னலைப் பூட்டிவிட்டுக் கேட்கச் சொல். வித்தியாசத்தை அவனே கண்டுபிடிக்கட்டும், நீ முந்திக்கொண்டு விளக்கம் சொல்லாதே. அந்தப் பழக்கம் உனக்கு என்னிடமிருந்து வந்தது.

அம்மா மிளகாய்த்தூள் பார்சலைக் கட்டிவிட்டா. இந்த முறை மூன்று உறை போட்டிருக்கிறா, சிந்தாது.

ரத்தம் என்று சொன்னதை மட்டும் அவனிடம் திருத்திச் சொல்லிவிடு. கேட்குது என்று நான் சொன்ன பொய்யை, வரும் ஞாயிறு நானே பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா