ஜனவரி 26: இந்த வாரச் சொற்கள்

குழுவினருக்கு வணக்கம். குடியரசு நாளை ஒட்டி இந்த வாரம் மூன்றே ஆங்கிலச் சொற்கள்.

முதலாவது 'சாவரின்'. அரசமைப்பின் முகப்புரையில் 'இறையாண்மை' என்ற பொருளில் வருகிறது. நகைக்கடையில் நாம் சொல்லும் சவரனும் இதே சொல்தான்! சாவரின் என்றால் அரசர். அவர் உருவம் பொறித்த இங்கிலாந்துத் தங்கக் காசுக்கும் அதுவே பெயரானது. நம் வாயில் சவரனாகி, இன்று 8 கிராம் கணக்காக நிற்கிறது. எழுதும்போது 'என்'னுக்கு முன் 'ஜி' வரும், ஒலிக்காது. பலர் விடுவது அந்த எழுத்தைத்தான்.

அடுத்தது 'அடாப்ட்'. அரசமைப்பை ஏற்றது 1949 நவம்பர் 26. முழுமையாக நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26. 1930இல் அதே தேதியில் முழு விடுதலை நாள் கொண்டாடியதால் இரண்டு மாதம் காத்திருந்தார்கள். நம் பக்கம் பிள்ளை கூட்டுவதற்கும், அதாவது தத்தெடுப்பதற்கும், அடாப்ட்தான்: நமதென்று ஏற்பது. நடுவில் 'ஓ' எழுத்து. அங்கே 'ஏ' போட்டால் பொருளே மாறிவிடும்: பழைய செட்டிநாட்டு வீட்டை விடுதிக்கு ஏற்ப மாற்றுவது அது.

மூன்றாவது 'அன்ஃபர்ல்', விரித்தல். ஜனவரி 26இல் கொடி கம்பத்தின் உச்சியிலேயே மடித்துக் கட்டியிருக்கும். கயிற்றை இழுத்தால் பூவோடு விரியும். ஆகஸ்ட் 15இல் கீழிருந்து மேலே ஏற்றுவார்கள். அது 'ஹாய்ஸ்ட்'.

ஒவ்வொரு சொல்லுக்கும் சொந்தமாக ஒரு வாக்கியம், ஞாயிறு இரவு 8 மணிக்குள் குரல் பதிவாக அனுப்புங்கள். பார்த்து வாசிக்க வேண்டாம்.