சத்துணவுக்கூடக் கழிவை எருவாக்குவது குறித்துப் பெற்றோர்களுக்கு

அன்புடைய பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் பள்ளிச் சத்துணவுக்கூடத்தில் நாள்தோறும் சேரும் காய்கறித் தோல், கீரைத் தண்டு, முட்டை ஓடு ஆகியவை இதுவரை மதிலுக்கு வெளியே கொட்டப்பட்டு வந்தன; வேப்பஞ்சருகுகள் கூட்டி எரிக்கப்பட்டன. இரண்டையும் நிறுத்தி, பள்ளியின் பின்புறம் எருக்குழி அமைத்து, அந்த எருவைக் காய்கறித் தோட்டத்துக்கு இடுவதென்று பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானித்துள்ளது.

நெல்லும் காயும் வயலை விட்டுப் போகும்போது மண்ணின் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) உடன் போகின்றன. அவற்றில் ஒரு பங்கையேனும் திருப்பிக் கொடுப்பதற்காகத்தான் விவசாயிகள் அறுவடைக்குப் பின் ஆடுகளை வயலிலேயே அடைத்து, அவற்றின் புழுக்கை எருவாகும்படி ஆட்டுக்கிடை போட்டார்கள். கோடையில் ஏரி வண்டலை அள்ளி வயலில் பரப்பினார்கள். சருகை எரித்தாலோ தழைச்சத்து புகையோடு போய்விடுகிறது.

நாற்றம் வருமோ, பாம்பு அடையுமோ என்று சிலர் கேட்டிருந்தீர்கள், நியாயமான கேள்விதான். காற்றுப் புகாமல் ஈரம் தேங்கும் குவியல்தான் நாறும். ஆகவே ஈரக்கழிவு ஒரு பங்குக்குச் சருகு இரண்டு பங்கு வீதம் அடுக்கி, ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் நீர் சொட்டாத அளவுக்கு ஈரம் வைத்து, வாரம் ஒருமுறை கிளறிவிடப் போகிறோம். மீந்த சோறும் குழம்பும் எலியை இழுக்கும், எலி பாம்பை இழுக்கும் என்பதால் அவை குழிக்குள் போகா. அரிசிக் கழுநீர் மாட்டுக்குப் போகும். நன்றாக அடுக்கிய குவியல் தொடக்கத்தில் 50 டிகிரி செல்சியசுக்கு மேலும் சூடேறக்கூடும் என்பதால், சூடு தணிந்த பிறகே மண்புழு விடப்படும். முட்டை ஓடு எளிதில் மக்காது. அதை வெயிலில் காயவைத்து, இடித்துத் தூளாக்கிப் போடுவோம்.

கிளறும் வேலை பிள்ளைகளுக்கு இல்லை. அதைத் துப்புரவுப் பணியாளரின் தலையில் கட்டுவதும் முறையன்று என்று நான் கருதுவதால், குழு உறுப்பினர்கள் முறைவைத்துச் செய்ய இசைந்துள்ளனர். ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் வெப்பநிலையைக் குறித்து வைப்பார்கள். பின்னர் சோப்புப் போட்டுக் கைகழுவ ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.

உங்களிடம் வேண்டுவது இரண்டு. தின்பண்டத்தைப் பாக்கெட்டோடு அனுப்பாமல் டப்பாவில் போட்டு அனுப்புங்கள். கிழித்தெறிந்த உறையின் மூலைத்துண்டு ஒன்று குழியில் விழுந்தாலும் மக்காமல் கத்தரிப் பாத்தி வரை வந்துவிடும். மாடு வைத்திருப்போர், கரைத்து ஊற்றுவதற்குப் புதுச்சாணம் ஒரு கூடை தந்து உதவுங்கள். கொடுக்க இயன்றவர்கள் வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி