எக்ஸ்-பேண்ட் பெஞ்சுகள் அமெச்சூர் வானொலிக்கும் பயன்படட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் படித்து வெளியே வருகிறவர்களுக்குக் கைவேலை தெரியவில்லை என்ற குறையைத் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் அடிக்கடி காண்கிறேன். அக்குறையின் ஒரு மூலையையாவது, பெரிய செலவு எதுவும் இல்லாமல், ஏற்கெனவே கையில் இருப்பதைக் கொண்டே சரிசெய்ய முடியும் என்று எண்ணுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். மின்னணு மற்றும் தொடர்பியல் துறை உள்ள பொறியியல் கல்லூரிகளில் பெரும்பாலும் மைக்ரோவேவ் ஆய்வகம் ஒன்று இருக்கும். அங்கே அலையை உண்டாக்கும் கன் டையோடு அல்லது கிளிஸ்ட்ரான் ஆஸிலேட்டர், அதன் வலிமையைக் குறைக்கும் அட்டெனுவேட்டர், அலைவெண் மீட்டர், நீளவாக்கில் பிளவுள்ள அலைவழி (அலையைக் கடத்தும் உலோகக் குழாய்), அலையை உணரும் டிடெக்டர் ஆகியவற்றை வரிசையாகக் கோத்த எக்ஸ்-பேண்ட் பெஞ்ச் இருக்கும். பாடத்திட்டம் கேட்கும் சில சோதனைகளைச் செய்து ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியதும், அடுத்த ஆண்டு மாணவர்கள் வரும்வரை பல இடங்களில் அதன்மேல் உறை போர்த்தப்பட்டுவிடுகிறது. அந்தப் பெஞ்ச் வேலை செய்யும் எல்லை 8.2 முதல் 12.4 கிகாஹெர்ட்ஸ் வரை. சர்வதேச ஒதுக்கீட்டில், உரிமம் பெற்ற தனிநபர்கள் பொழுதுபோக்காக நடத்தும் அமெச்சூர் வானொலிக்கு இரண்டாம் நிலையில் (முதல்நிலைப் பயனர்களுக்கு இடையூறு செய்யாமல் பயன்படுத்திக்கொள்ள) தரப்பட்டுள்ள 10 முதல் 10.5 கிகாஹெர்ட்ஸ் பட்டை இதன் நடுவில் இருக்கிறது.

இந்தப் பட்டையில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். 2018 நவம்பர் 15 அன்று ஏவப்பட்ட கத்தார் நாட்டின் எஸ்ஹைல்-2 என்னும் தொலைக்காட்சிச் செயற்கைக்கோளில், கீழிருந்து வரும் அலையை வேறொரு அலைவெண்ணில் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்கள் இரண்டு, அமெச்சூர் வானொலியாளர்களுக்கென்றே வைக்கப்பட்டுள்ளன. 2019 பிப்ரவரியில் பயன்பாட்டுக்கு வந்த இவற்றை உலகெங்கும் கியூ.ஓ.-100 என்று அழைக்கிறார்கள். பூமியோடு சேர்ந்து சுழன்று ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் சுற்றுப்பாதையில் அமெச்சூர்களுக்குக் கிடைத்த முதல் வசதி இதுதான். 2400 மெகாஹெர்ட்ஸில் அனுப்பப்படும் பேச்சும் மோர்ஸும் 10,489 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றப்பட்டு, ஆப்பிரிக்கா, ஐரோப்பா, மேற்கு ஆசியா, இந்தியா எங்கும் இரவு பகல் பாராமல் இறங்குகின்றன.

அதைக் கேட்கத் தேவையான பொருள்களில் பாதி நம் மொட்டைமாடிகளில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. பழைய டி.டி.எச். தட்டு ஒன்று, தட்டின் முன் நின்று அலையைப் பெருக்கி அலைவெண்ணைக் குறைக்கும், 9750 மெகாஹெர்ட்ஸ் உள் ஆஸிலேட்டர் கொண்ட யுனிவர்சல் எல்.என்.பி. ஒன்று, கணினியில் செருகும் சிறிய எஸ்.டி.ஆர். (மென்பொருள் வானொலி) டாங்கிள் ஒன்று ஆகியவை தொடங்கப் போதும். 10,489.75 மெகாஹெர்ட்ஸில் வரும் அலை எல்.என்.பி.க்குள் 739.75 மெகாஹெர்ட்ஸாகக் குறைக்கப்படுவதால், அந்த டாங்கிளே அதைப் பிடித்துவிடும். ஆனால் வழக்கமாகத் தட்டு மாட்டித் தருகிறவரிடம் இந்த வேலையை விட்டால் சிக்கல்தான். நம் தொலைக்காட்சித் தட்டுகள் உச்சிவானத்தை ஒட்டி அண்ணாந்து நிற்பவை. கியூ.ஓ.-100 நமக்கு மேற்கிலிருந்து சற்றே தெற்காக, அடிவானத்துக்கு மேல் 27 முதல் 30 பாகை உயரத்தில்தான் இருக்கிறது. குவியம் நடுவில் இல்லாமல் கீழே தள்ளியிருக்கும் ஆஃப்செட் வகைத் தட்டை இதற்குத் திருப்பினால் அது கிட்டத்தட்ட நட்டுக்குத்தாக நின்று, எதிர்வீட்டுச் சுவரைப் பார்ப்பதுபோலத் தெரியும். தவறாக வைத்துவிட்டோம் என்று எண்ணிப் பலர் அதை மறுபடி மேலே தூக்கிவிடுகிறார்கள். இன்னொன்றும் உண்டு. செங்குத்து முனைவாக்கத்தில் (மேலும் கீழுமாக அதிரும்படி) புறப்படும் அலை, பூமியின் வளைவில் இவ்வளவு கிழக்கே, நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகே இருக்கும் நம்மை வந்தடையும்போது 70 பாகைக்கும் மேல் சாய்ந்திருக்கும். எல்.என்.பி. 13 வோல்ட்டில் செங்குத்து அலையையும் 18 வோல்ட்டில் கிடைமட்ட அலையையும் பிடிக்கும். ஆகவே 13 வோல்ட் கொடுத்து அதை அவ்வளவு தூரம் திருப்புவதைவிட, 18 வோல்ட் கொடுத்து எதிர்ப்பக்கம் சிறிதளவு திருப்புவது எளிது. ஐரோப்பியர்கள் எழுதிவைத்த செய்முறைகள் அவர்கள் ஊர்க் கோணங்களுக்கே எழுதப்பட்டவை. நம் ஊருக்கான கணக்கை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

கேட்கத் தொடங்கியதுமே, கருவியை மேம்படுத்தும் வேலையும் தொடங்கிவிடுகிறது. எல்.என்.பி.க்குள் இருக்கும் 25 மெகாஹெர்ட்ஸ் படிகத்தின் அதிர்வை 390 மடங்காக்கித்தான் 9750 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கிறது. ஆகவே படிகம் 1 ஹெர்ட்ஸ் விலகினால் நாம் கேட்கும் குரல் 390 ஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். வெயிலில் காயும் எல்.என்.பி.யின் மேல் ஒரு மேகத்தின் நிழல் விழுந்தாலே, பேசிக்கொண்டிருப்பவரின் குரல் கணினித் திரையில் கண்ணெதிரே வழுக்கிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். இதைச் சரிசெய்ய அந்தப் படிகத்தைக் கழற்றிவிட்டு, வெப்பநிலைக்கு ஈடுகொடுக்கும் டி.சி.எக்ஸ்.ஓ. என்னும் ஆஸிலேட்டர் ஒன்றையோ, ஜி.பி.எஸ். கடிகாரத்தோடு பூட்டப்பட்ட குறிப்பலையையோ இணைக்க வேண்டும். மிகச் சிறிய சாலிடரிங் முனையோடு பூதக்கண்ணாடிக்கு அடியில் செய்யவேண்டிய இந்த வேலையை ஒருமுறை செய்துவிட்ட மாணவருக்கு, ஆஸிலேட்டரைக் குறிப்பலையோடு பூட்டிவைக்கும் கட்டப் பூட்டுச் சுற்று (பி.எல்.எல்.) என்றால் என்ன என்பதைத் தனியாக விளக்கத் தேவையிருக்காது.

அடுத்தது, தட்டின் குவியத்தில் நின்று அலையை வாங்கவும் அனுப்பவும் செய்யும் ஃபீடு. குளிர்சாதன வேலைக்கு விற்கப்படும் எட்டில் ஏழு அங்குலச் செம்புக் குழாயின் உள்விட்டம் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர். 8.8 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழான அலை அதற்குள் நுழைந்து செல்லாது. 10 கிகாஹெர்ட்ஸ் தாராளமாகச் செல்லும். அதனால்தான் அந்தக் குழாயையே அலைவழியாக வைத்து, அதைச் சுற்றி 2400 மெகாஹெர்ட்ஸுக்கான செம்புத் தகட்டைப் பொருத்தி, ஒரே ஃபீடில் இரண்டு பட்டைகளையும் அமெச்சூர்கள் அமைக்கிறார்கள். அனுப்புவதற்கு அமெச்சூர் உரிமம் வேண்டும், உரிமத்தின் எல்லைக்குள்தான் அனுப்ப வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. அப்படி அனுப்புகிறவர், பெருக்கியை அறையில் வைத்துக்கொண்டு ஆர்.ஜி.-58 கேபிளை மாடிக்கு இழுக்க நினைக்கக் கூடாது. 2400 மெகாஹெர்ட்ஸில் அந்தக் கேபிள் மீட்டருக்கு ஏறத்தாழ 1 டெசிபெல் வீதம் விழுங்குவதால், 10 மீட்டர் தாண்டுவதற்குள் பத்தில் ஒரு பங்கு சக்திதான் மிஞ்சும். பெருக்கி தட்டின் அடியிலேயே, மழை புகாத பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

இவ்வளவையும் வீட்டிலேயே செய்துவிடலாம். செய்தது முன்பைவிட நன்றாக இருக்கிறதா என்று அளப்பதுதான் கடினம். அலை எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும், மலிவாகக் கிடைக்கும் கையடக்க நெட்வொர்க் அனலைசர்கள் 3 அல்லது 6 கிகாஹெர்ட்ஸோடு நின்றுவிடுகின்றன. 10 கிகாஹெர்ட்ஸை அளக்கும் கருவியின் விலை தனிமனிதருக்கு எட்டாதது. எங்களைப் போன்ற அமெச்சூர்கள் சூரியனை வைத்துச் சமாளிக்கிறோம். தட்டை வெறும் வானத்துக்கும் பிறகு சூரியனுக்கும் திருப்பி, இரைச்சல் எத்தனை டெசிபெல் ஏறுகிறது என்று குறித்துக்கொண்டு, ஃபீடை மாற்றியபின் அதே வேலையை மறுபடி செய்து ஒப்பிடுவது வழக்கம். நல்ல முறைதான், ஆனால் அது மொத்தக் கணக்கைத்தான் சொல்லும், இழப்பு ஃபீடிலா, எல்.என்.பி.யிலா, தட்டின் நெளிவிலா என்று பிரித்துச் சொல்லாது.

கல்லூரியின் எக்ஸ்-பேண்ட் பெஞ்ச் அந்தப் பிரிவினையைச் செய்துகாட்டும். பித்தளைத் தகட்டை வெட்டி, தொண்டையின் உள்ளளவு 22.86-க்கு 10.16 மில்லிமீட்டர் இருக்குமாறு பற்றவைத்த, புனல்போல் விரியும் ஹாரன் ஆன்டெனா ஒன்றை நேராகப் பெஞ்சின் முனையில் முடுக்கி, அலைவழியின் பிளவின்மேல் டிடெக்டரின் புரோபை நகர்த்தினால், மீட்டர் முள் ஏறி இறங்கும் விகிதமே, அனுப்பிய அலையில் எவ்வளவு வெளியேறாமல் திரும்பி வருகிறது என்பதைச் சொல்லிவிடும். விகிதம் 2 என்றால் சக்தியில் 11 விழுக்காடு திரும்புகிறது. தொண்டையருகே ஒரு சிறு திருகை வைத்து, கால் சுற்று கால் சுற்றாக உள்ளே இறக்கி, 1.2-க்குக் கொண்டுவந்தால் திரும்புவது 1 விழுக்காட்டுக்கும் குறைவு. விடை தெரிந்த சோதனையை ஆண்டுதோறும் திரும்பச் செய்யும் மாணவருக்கு, தானே வெட்டிய ஹாரனின் விடையைத் தானே கண்டுபிடிக்கும் வாய்ப்பு இது. கல்கத்தாவில் 1890-களில் ஜகதீச சந்திர போஸ் 5 மில்லிமீட்டர் அளவுக்குக் குறுகிய அலைகளை உண்டாக்கி, ஹாரனும் அலைவழியும் செய்து ஆராய்ந்தபோது அவருக்கு இந்தப் பெஞ்ச்கூட இருக்கவில்லை.

இதை இப்போதே செய்ய வேண்டியதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. நம் வட்டாரத்துக்கான சர்வதேச ஒதுக்கீட்டில் 3300 முதல் 3500 மெகாஹெர்ட்ஸ் வரை அமெச்சூர்களுக்கும் இரண்டாம் நிலையில் இடம் உண்டு. 2022-இல் இந்தியாவில் நடந்த 5ஜி ஏலத்தில் 3300 முதல் 3670 வரையிலான பகுதி வைக்கப்பட்டது. நாட்டுக்கு 5ஜி வேண்டும்தான். ஆயினும் பயன்படுத்துவோர் இல்லாத பட்டைக்காகப் பேச எவரும் முன்வர மாட்டார்கள் என்பதை 10 கிகாஹெர்ட்ஸ் விஷயத்திலாவது நினைவில் கொள்வது நல்லது.

எனவே கல்லூரி முதல்வர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை, ஆய்வக உதவியாளர் ஒருவரின் மேற்பார்வையில், மைக்ரோவேவ் ஆய்வகத்தைத் தம் மாணவர்களுக்கும் அருகிலுள்ள உரிமம் பெற்ற அமெச்சூர்களுக்கும் திறந்துவிட வேண்டும். செய்முறைத் தேர்வின் அகமதிப்பெண்களில் ஒரு பகுதியை, மாணவர் தாமே செய்து, தாமே அளந்து கொண்டுவரும் ஒரு ஃபீடுக்கோ ஹாரனுக்கோ ஒதுக்க வேண்டும். பித்தளைத் தகட்டுக்கும் செம்புக் குழாய்த் துண்டுக்கும் ஆகும் செலவு பெரிதல்ல, தட்டும் எல்.என்.பி.யும் கொண்டுவந்து மாடியில் பொருத்திக் காட்ட, எங்கள் ஊர் அமெச்சூர்கள் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.