பாங்காக்கில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். சித்திரை ஒண்ணாம் தேதி நீ போன் பண்ணவில்லை, பரவாயில்லை. அங்கேயும் அதே சமயம்தான் வருஷப் பிறப்பு, சோங்க்ரான், 13-ஆம் தேதி தொடங்கி மூன்று நாள் தெருத் தெருவாகத் தண்ணீர் அடிப்பார்கள், போனைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி உள்ளே போட்டிருப்பான் என்று அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். அவளும் சரி என்றாள். மருமகள் போன் மட்டும் எப்படி நனையாமல் இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை.

வெயில் எப்படி இருக்கிறது? அந்த ஊருக்கு ஏப்ரல்தான் மோசமான மாசம். நம் ஊர் வெயில் சுடும், ஆனால் வேர்வை காயும், வேப்பமரத்தடியில் ஐந்து நிமிஷம் நின்றால் உடம்புச் சூடு இறங்கிவிடும். அங்கே காற்றிலேயே ஈரம் கிடப்பதால் வேர்வை உடம்பிலேயே நிற்கும், ராத்திரியும் புழுங்கும். போனில் 36 டிகிரி என்று காட்டினால் அதை நம்பி நடக்காதே. தண்ணீர் குடி. குழாய்த் தண்ணீர் வேண்டாம், பாட்டில் வாங்கு. ஐஸ் போட்டுக் கொடுத்தால் நடுவில் ஓட்டை இருக்கிற உருளை ஐஸா என்று பார், அது ஃபேக்டரியில் வருவது. மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலையாதே. பசியோடு அலையாதே. பசித்தால் உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், என் வயிறுதானே உனக்கும்.

நீங்கள் தங்கியிருக்கிற காவ்சான் தெரு இருக்கிறதே, காவ்சான் என்றால் அவர்கள் பாஷையில் அரிசியாம், ஒரு காலத்தில் அரிசி வியாபாரம் நடந்த தெருவாம். இப்போது விடிய விடியப் பாட்டுப் போடுகிற தெருவில் ஃபேன் ரூம் எடுத்துப் படுத்தால் யாருக்குத் தூக்கம் வரும்? ஏசி ரூம் எடு. பணம் குறைந்தால் சொல், அனுப்புகிறேன். ஒரு பாட் நமக்கு இரண்டரை ரூபாய்க்கு மேல் என்று தெரியும், கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறேன். வேலையை விட்டுவிட்டு ஆறு மாசம் ஊர் சுற்றுகிறவனுக்குப் பென்ஷன்காரன் பணம் அனுப்புவதா என்று உனக்கு ரோஷம் வரும், வரட்டும். வேலையை விட்டதை நான் இங்கே யாரிடமும் சொல்லவில்லை. சம்பளமில்லாத லீவு என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் டீக்கடையில் உங்கள் படங்களை எல்லாருக்கும் காட்டுகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நம் குடும்பத்தில் கடல் தாண்டினது நீதானே.

மருமகள் அனுப்பிய பஸ் வீடியோ பார்த்தேன். "மாமா, இது உங்களுக்காக" என்று போட்டு அனுப்பியிருந்தாள். முப்பத்தோரு வருஷம் தோளில் பையும் வாயில் விசிலுமாக நின்றவனுக்கு அதைப் பார்த்து எப்படி இருந்திருக்கும், நீயே நினைத்துப் பார். ஏசி இல்லாத சிவப்பு பஸ், எட்டு பாட் டிக்கெட், தரையெல்லாம் பலகை. அந்தக் கண்டக்டரம்மா கையில் பை இல்லை, ஒரு தகரக் குழாய். நீளவாக்கில் திறக்கிறது, உள்ளே டிக்கெட் சுருளும் சில்லறையும். மூடியை டக் டக் என்று தட்டிக்கொண்டே வருகிறாள், சத்தம் கேட்டதும் ஜனங்கள் காசை எடுத்து நீட்டுகிறார்கள். "டிக்கெட், டிக்கெட்" என்று தொண்டை கிழியக் கத்தவே வேண்டாம். இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று பத்துத் தடவை போட்டுப் பார்த்தேன்.

பத்துத் தடவையும் கடைசி வரைக்கும் பார்த்தேன். கடைசியில் கண்டக்டரம்மா இல்லை, பலகைத் தரையும் அந்தப் பிள்ளையின் செருப்பும்தான் தெரிகிறது. குரல் மட்டும் கேட்கிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேர் சேர்ந்து ஊர் சுற்றினால் ஆயிரம் இருக்கும், அதில் அப்பனுக்கு என்ன வேலை. அப்புறம் வந்த படங்களில் வாட் போ கோயிலில் 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிற புத்தர், சுவரோரம் வரிசையாக 108 வெண்கலக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் அந்தப் பிள்ளை காசு போடுகிறாள். படத்தை யாரோ எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள், அவள் தலை பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. நீ எடுத்தால் அப்படி எடுக்க மாட்டாய். சரி, தண்ணீர் குடி.

அம்மாவும் அந்த வீடியோவைப் பார்த்தாள். முழுக்கப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள், எழுந்து போய் அரிசி களைந்தாள். "அப்படியே உங்க குரல்" என்று அடுப்படியிலிருந்து சொன்னாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

அம்மா திருச்செந்தூர் பஸ்ஸை விட்ட கதை உனக்குத் தெரியும். கல்யாண வீட்டில், காதுகுத்து வீட்டில் எல்லாம் நான்தான் சொல்வேன், வளையல் கடையில் நின்று பஸ்ஸை விட்டாள் என்று. நீயும் சிரித்திருக்கிறாய். உன் கல்யாணத்தில் மருமகளிடமும் சொன்னேன். தம்பி, அவள் பஸ்ஸை விடவில்லை. 1996 மே மாசம், ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் மத்தியானம் ஒரு மணி, உனக்கு நாலு வயசு, என் மடியில் இருந்தாய். வீட்டிலிருந்து கிளம்பும்போதே சண்டை, எதற்கு என்று சத்தியமாக ஞாபகமில்லை. அவள் உனக்குத் தண்ணீர் வாங்கப் போனாள், வளையல் வாங்க இல்லை. டிரைவர் எனக்குத் தெரிந்தவர், "வீட்ல வரலியே?" என்று திரும்பிக் கேட்டார். "நீங்க எடுங்கண்ணே" என்றேன். பஸ் நகரும்போது ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தேன், கையில் பாட்டிலோடு ஓடி வந்தாள். காசுப் பை என்னிடம்தான் இருந்தது.

முகம் தெரியாத எத்தனையோ பேருக்கு விசில் கொடுத்து வண்டியை நிறுத்தியிருக்கிறேன். பாளையங்கோட்டையில் இறங்கியிருக்கலாம், செய்துங்கநல்லூரில் இறங்கியிருக்கலாம், நீ அம்மா அம்மா என்று அழுதுகொண்டே வந்தாய், உன் வாயைப் பொத்தினேன். இரண்டு மணி நேரம் கழித்து அவள் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள். என் பெயரைச் சொன்னதும் அந்தக் கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லையாம். பாட்டில் அப்படியே கையில் இருந்தது, மூடியைத் திறந்து உனக்குக் குடிக்கக் கொடுத்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று ராத்திரி மண்டபத்தில் தெரிந்தவர்கள் கேட்டபோதுதான் அந்த வளையல் கதையை முதலில் சொன்னேன். அவளும் சிரித்தாள். முப்பது வருஷமாகச் சிரிக்கிறாள்.

இதை எதற்கு உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. மருமகளிடம் காட்டினாலும் காட்டு, காட்டாவிட்டாலும் சரி.

சியாங் மாய்க்கு இன்று ராத்திரி ரயில் என்றாளே, பழைய ஹுவா லம்போங் ஸ்டேஷனுக்குப் போய் நிற்காதே. 2023 ஜனவரியிலிருந்து தூரத்து வண்டிகள் பாங் சூ பக்கத்துப் புது ஸ்டேஷனிலிருந்துதான், டாக்ஸிக்காரரிடம் ஏறும்போதே சொல்லிவிடு. அந்த ரயிலில் கீழ் பெர்த்துதான் அகலம், மேலே நீ படுத்துக்கொள். அவள் தோளில் மூட்டை வார் பட்டுச் சிவந்திருப்பதை ஒரு படத்தில் பார்த்தேன், வேர்க்குருவுக்கு அங்கே பாம்புப் படம் போட்ட டப்பாவில் பவுடர் விற்கும், வாங்கிக் கொடு. ரசப்பொடி தீர்ந்துவிட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். வண்டி ஏறியதும் ஒரு மிஸ்டு கால் கொடு, உன் போனிலிருந்து.

அப்பா